ஒரே பெயர், பல ஒலிகள்



முருகன், மாரியம்மாள், ராமன் என்று தெய்வத்தின் பெயரையே நாம் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கரிடமும் இவ்வழக்கம் உண்டு. மெக்சிகோ போன்ற நாடுகளில் ஆண்பிள்ளைக்கு இயேசுவின் பெயரையே இடுவார்கள். ஆங்கிலம் பேசுவோரோ அத்திருப்பெயரை மனிதருக்கு இடத் தயங்குவர். இரண்டுக்கும் காரணம் பக்திதான்.

ஏட்டில் எழுதினால் இரு மொழியிலும் அப்பெயருக்கு அதே ஐந்து எழுத்துகள்தாம். ஆங்கிலேயர் அதை ‘ஜீசஸ்’ என்பர். ஸ்பானியர் ‘ஹெசூஸ்’ என்பர். ‘ஜே’ என்று நாம் படிக்கும் எழுத்தை ஸ்பானியர் தொண்டையிலிருந்து ‘ஹ’ போல் ஒலிப்பதே காரணம். அதனால்தான் ஆங்கிலேயரின் ‘ஜோசப்’ அவர்களிடம் ‘ஹோசே’ ஆகிறார். தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டிலோ அவர் ‘சூசை’.

இன்னொரு பெயர் நமக்கு மிகவும் நெருக்கமானது. புனித பிரான்சிஸ் சேவியர் 1506-ஆம் ஆண்டு, இன்றைய ஸ்பெயினின் வடக்கேயுள்ள ஹாவியேர் கோட்டையில் பிறந்தார். 1542-இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கும், 1545-இல் நம் மலாக்காவுக்கும் வந்தார். அந்த ஊர்ப்பெயருக்குப் பாஸ்கு மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். அதுவே ஸ்பானியருக்கு ஹாவியேர், ஆங்கிலேயருக்குச் சேவியர், தமிழருக்குச் சவேரியார். நம் தோட்டத்துச் சவரிமுத்துகளும் அவர் பெயரைத் தாங்கியவர்களே.

இவ்வாறு ஒலி மாறுவது மொழியின் இயல்பு. ஆனால், பெயருக்கு உரியவரைக் கேளாமலே பிறர் மாற்றுவது வேறு. அமெரிக்கப் பள்ளிகளில் முன்னாளில் மெக்சிகோ தொழிலாளரின் பிள்ளைகள் சேர்ந்தபோது, ஹோசேயை ‘ஜோ’ என்றும் மரியாவை ‘மேரி’ என்றும் ஆசிரியர்கள் அழைத்ததுண்டு. வீட்டில் ஒரு பெயர், வகுப்பில் ஒரு பெயர் என்றால், தாய் வைத்த பெயர் தாழ்வானதோ என்று பிஞ்சு மனம் கூசாதா? நம் தோட்டங்களிலும் கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் உண்டல்லவா?

ஆகவே, பெற்றோர்களே, பிறப்புப் பத்திரம் கைக்கு வந்தவுடன் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தன் பெயரின் பொருளையும் ஒலியையும் பிள்ளை அறியட்டும். அயலார் பெயரைக் கேட்டுச் சிரிக்காமல், “உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?” என்று பணிவாகக் கேட்கவும் அதைப் பழக்குங்கள். பிறர் பெயரைச் சரியாகச் சொல்வதும் ஒரு மரியாதையே.