எதிரிகள் தரப்பு வழக்கறிஞரின் கடமை

 

குடும்ப வன்முறையைப் பற்றிய மாநாடுகள் நம் நாட்டில் பல நடந்திருக்கின்றன. ஆனால் அக்குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலின் தொழிலைப் பற்றி ஆலோசிப்பதற்கென்றே ஒரு சபை கூடுவது அபூர்வம். அழைப்பிதழைப் பார்த்த சிநேகிதர் ஒருவர், "அடித்தவனுக்கும் ஒரு மாநாடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருக்கும் தார்மிகக் கோபத்தை நான் மதிக்கிறேன். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்போது, மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர், கணவனின் வன்முறைக்கு ஒருமுறையேனும் ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு இந்த மேடையில் பேசுவதற்கு எவருக்கும் யோக்யதை இல்லை. ஆனால் அடித்தவன் இன்னான் என்று நிர்ணயம் செய்வதற்காகத்தானே நியாயஸ்தலம் இருக்கிறது? சிநேகிதரின் கேள்வி அந்த நிர்ணயத்தை முடித்துக்கொண்டே புறப்பட்டுவிட்டது.

வரதட்சிணைக்காகப் பெண்கள் எரிக்கப்பட்ட செய்திகள் வீதியெங்கும் கிளர்ச்சியாக வெடித்த காலத்தில், 1983இல், மனைவியைக் கணவனோ அவன் சுற்றத்தாரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1986இல் வரதட்சிணை மரணத்துக்கென 304-பி பிரிவும், அதற்குத் துணையாகச் சாட்சியச் சட்டத்தில் குற்றம் செய்ததாகவே அனுமானித்துக்கொள்ளும் பிரிவும் வந்தன. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து 498-ஏ பிரிவின் பொருள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் தொடர்கிறது. இச்சட்டங்கள் அவசியமானவை என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. என் மனத்தை உறுத்துவது அவை அமலான விதம்தான். புகார் மனுவில் கணவன் முதல் எதிரி, மாமியார் இரண்டாம் எதிரி, மாமனார் மூன்றாம் எதிரி, வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் நான்காம் எதிரி என்று உறவுமுறை வரிசையிலேயே பெயர்கள் ஏறுவதும், ஏறிய பெயர்களெல்லாம் ஒரே இரவில் கைதாவதும் வழக்கமாயிற்று. 2014 ஜூலை மாதம் அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2012ஆம் ஆண்டில் மட்டும் 498-ஏ பிரிவின் கீழ் 1,97,762 பேர் கைதானதையும், அவர்களில் 47,951 பேர் பெண்கள் என்பதையும் எடுத்துக்காட்டியது. பெண்ணைக் காக்க எழுந்த சட்டம் கைது செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண்! ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்பதற்குப் போலீஸார் காரணம் எழுதவேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் பரிசீலிக்காமல் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று அத்தீர்ப்பு விதித்தது. ஆகவே எதிரிகள் தரப்பு வக்கீலின் முதல் வேலை, விசாரணைக் கூண்டுக்கு வெகு தூரம் முன்னதாக, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்தும் அந்த முதல் 24 மணி நேரத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. பெரும்பாலான ஏழை எதிரிகளுக்கு அந்த நேரத்தில் வக்கீல் இருப்பதில்லை.

அதே தீர்ப்பு, தண்டனையில் முடிந்த வழக்குகள் நூற்றுக்கு 15தான் என்றும் குறிப்பிட்டது. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, மீதி 85ம் பொய் வழக்கு என்று முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விசாரணை நடக்கும்போதே சமரசம் செய்துகொண்டு பிறழ்சாட்சியாகும் மனைவி எத்தனை பேர்? நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குச் சாட்சி சொல்ல அண்டை வீட்டார் முன்வராததால் விழுந்துபோகும் வழக்குகள் எத்தனை? விடுதலை என்பது நிரூபணம் போதவில்லை என்பதன் அடையாளமேயன்றிப் புகார் பொய் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. 2017இல் புகார்களை முதலில் சலித்துப் பார்க்கக் குடும்ப நலக் குழுக்கள் அமைக்கும்படி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, அடுத்த ஆண்டில், அது நீதிமன்றம் சட்டம் இயற்றுவதற்கு ஒப்பாகும் என்று அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொண்டது.

அப்படியானால் எதிர்வாதம் எதற்கு? யார் எதைச் செய்தார் என்று பிரித்துக் காட்டுவதற்கு. "எல்லோரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்" என்ற ஒற்றை வாக்கியத்தில் தேதி இல்லை, செயல் இல்லை. இத்தகைய பொதுப்படையான குற்றச்சாட்டின்பேரில் கணவனின் சுற்றத்தாரையெல்லாம் விசாரணைக்கு இழுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மறுபடியும் எச்சரித்தது. தேர்ந்த வக்கீல் நான்காம் எதிரியை இவ்வாறு விடுவிக்கும்போது, முதல் எதிரியின்மீது மிஞ்சுகிற குற்றச்சாட்டு தெளிவும் கூர்மையும் பெறுகிறது. உண்மையாகவே அடிபட்ட பெண்ணுக்கும் அதனால் நன்மையே. கூட்டத்துக்குள் கூட்டமாக அடித்தவன் ஒளிந்துகொள்ள இடமிராது.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் குறித்து இளைஞர்களிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. அச்சட்டத்தின்படி மனைவி பாதுகாப்பும், குடியிருப்பும், ஜீவனாம்சமும் கேட்டு மனுச் செய்தால், கணவன் எதிர்மனுதாரர் மட்டுமே. அவர் ஜாமீன் கேட்டு ஓடவேண்டியதில்லை, பதில் மனுத் தாக்கல் செய்தால் போதும். பாதுகாப்பு உத்தரவை மீறும்போதுதான் குற்றம் பிறக்கிறது. அதற்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் தனிச் சாட்சியத்தைக் கொண்டே அக்குற்றத்தை முடிவு செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆதலால் இவ்வழக்குகளில் வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் செய்யக்கூடிய பேருபகாரம், உத்தரவை வரிவரியாகப் படித்துக் காட்டி, "அந்த வாசலை மிதிக்காதே, ஃபோன் செய்யாதே, உறவினர் மூலம் தூது விடாதே" என்று கண்டிப்பாகச் சொல்வதே. இதைச் சொல்லாமல் பீஸ் மட்டும் வாங்கிக்கொள்கிறவரை நான் வக்கீல் என்று அழைக்க மாட்டேன்.

இலவசச் சட்ட உதவி விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எதுவாயினும் பெண் என்பதாலேயே மனைவிக்கு உதவி உண்டு. அதே காரணத்தால் அவ்வழக்கில் எதிரியாக நிற்கும் மாமியாருக்கும் உண்டு. கூலிவேலை செய்யும் கணவனோ வருமான வரம்புக்கு உட்பட்டவன் என்று சான்றிதழ் கொண்டுவரவேண்டும். காவலில் அடைபட்டால் அந்த நிபந்தனை மறைந்துவிடுகிறது. வக்கீல் கிடைப்பதற்குச் சிறை ஒரு தகுதியாக இருப்பது நமக்குப் பெருமையன்று. 2022 முதல் பல மாவட்டங்களில் வேலை செய்துவரும் முழுநேர எதிர்வாத வழக்கறிஞர் ஏற்பாடு இக்குறையை ஓரளவு தீர்க்கலாம். அதன் அனுபவத்தைப் பற்றிப் பிற்பகல் அமர்வில் விரிவாகப் பேச வேண்டுகிறேன்.

குறுக்கு விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை. அவமதிக்கும் நோக்கமுள்ள கேள்விகளை நீதிபதி தடுக்கவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. இருந்தும், மனைவியின் நடத்தையைக் கிளறுவதே சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் நம் சங்கங்களில் குறைவில்லை. தேதியைக் கேளுங்கள், காயச் சான்றிதழைக் கேளுங்கள், புகாரில் ஏற்பட்ட தாமதத்துக்குக் காரணம் கேளுங்கள். அவள் யாரோடு பேசினாள் என்று கேட்காதீர்கள்.

கடைசியாக, எதிரிக் கூண்டில் நிற்பவள் அடிபட்டவளாகவே இருக்கும் வழக்குகள். கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் பிழைத்துக்கொண்ட ஒரு தாய் கொலைக் குற்றவாளியாக நின்றபோது, சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் நம் நாட்டார் கதையின் நல்லதங்காளை நினைவுகூர்ந்து, திடீரென மூண்ட ஆத்திரத்தைப் போலவே ஆண்டுக்கணக்கில் நீடித்த ஆத்திரமூட்டலும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் என்று கருதியது. அத்தகைய வாதத்தை நிலைநாட்ட வேண்டுமானால் பழைய சிகிச்சைச் சீட்டுகளும், மனநல மருத்துவரின் சாட்சியமும், அக்கம்பக்கத்தாரைத் தேடிப்பிடிக்கும் உழைப்பும் வேண்டும். அந்தச் செலவைச் சட்ட உதவி நிதியிலிருந்து எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஒரு திட்டவட்டமான யோசனையை இம்மாநாடு நாளை மாலைக்குள் எழுதித் தந்தால் நாம் கூடியது வீணாகாது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.