தேக்கும் கோடரியும்

(ஒருகொடவத்தையில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையிலிருந்து)



இந்த ரோட்டில நாள் முழுக்க கொள்கலன் லொறிகள் துறைமுகத்துக்குப் போகுது. கப்பல்னா இரும்புன்னுதான் நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் யுத்தக் கப்பலும் மரம்தான்.

1817 அக்டோபர் 12ஆம் திகதி பம்பாயில் ஒரு போர்க்கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அதற்குப் பெயர் நம்ம நாட்டுத் திருகோணமலை! வெள்ளைக்காரன் வாயில் அது 'டிரிங்கோமலி'. கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர். நெப்போலியன் யுத்தத்தால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் மலபார்த் தேக்கு.

இந்தக் கப்பலின் வரைபடம் முதலில் 'ஜாவா' என்ற கப்பலில் வந்தது. 1812 டிசம்பரில் பிரேசில் பக்கத்தில் அமெரிக்காவின் 'கொன்ஸ்டிடியூஷன்' அதை அடித்து நொறுக்கியது. வரைபடமும் போச்சு, இன்னொன்று அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்த அமெரிக்கக் கப்பலுக்கு மரம் எங்கிருந்து வந்தது? ஜோர்ஜியா கரையோரத் தீவுகளில் இருந்து. அங்கே ஒரு ஓக் மரம், இரும்பு மாதிரி கெட்டி. கிளை இயல்பாகவே வளைந்திருக்கும். பலகையில் செய்த அச்சைக் காட்டுக்குள் கொண்டுபோய், கப்பலின் விலாவுக்குப் பொருந்தும் கிளையைத் தேடி வெட்டுவார்கள். 1794இல் வடக்கிலிருந்து கோடரிக்காரர்களை அனுப்பினார்கள். மழையும் சேறும் காய்ச்சலும் அவர்களைப் படுத்திவிட்டது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள். மிச்ச வேலை யார் தலையில்? கறுப்பின அடிமைகள் தலையில். கூலியை அடிமையின் எஜமான் வாங்கிக்கொண்டான்.

மலபாரிலும் வேலை லேசில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் நிற்கும் மரத்தில் பட்டையைச் சுற்றி வெட்டி, காயவிட்டுப் பிறகு சாய்ப்பார்கள். யானை இழுக்கும், ஆறு கொண்டுபோகும், கரையிலிருந்து கப்பலில் பம்பாய் சேரும். 1806இல் வாட்சன் என்ற கப்டனைக் காட்டுக்கு அதிகாரியாகப் போட்டது கம்பெனி. தேக்கு முழுவதும் கம்பெனிக்கு என்றாயிற்று. சொந்த ஊர்க்காரன் சொந்தக் காட்டில் தேக்கு வெட்டினால் குற்றம்! ஜனங்களுடைய எதிர்ப்பு வலுத்து, 1823இல்தான் அந்தப் பதவி நீங்கியது.

'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. வாடியா பெயர் புத்தகத்தில் இருக்கு. கோடரி பிடித்தவர், யானை மேய்த்தவர் பெயரை நான் படித்த எதிலும் காணவில்லை.

அதனால் ஒரு வேலை சொல்றேன். அடுத்த முறை லீவில் தோட்டத்துக்குப் போனா, லயத்தில் இருக்கிற வயசானவங்களிடம் உட்கார்ந்து கேளுங்க: பாட்டன் பூட்டன் எந்த ஊர், எந்தக் கங்காணியோட வந்தாங்க, எந்த மலையில வேலை செஞ்சாங்க. பேரோட ஒரு கொப்பியில் எழுதி வைங்க.