கட்டுப்பல்லும் வேப்பிலைத் தண்ணியும்

(தோட்டத்து முதியோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கட்டுப்பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். லயத்துல கட்டுப்பல் போடுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதை எப்படிக் கழுவுவது என்று கேட்கத்தான் வெட்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனோம். ராப்பகலாகப் பல்லைக் கழட்டுவதே இல்லை. மேல் அண்ணம் செக்கச்செவேலென்று இருந்தது. "ரொட்டியும் சம்பலும் திங்க முடியல்லே ஐயா, எரியுது" என்றார். சுத்தம் செய்வதாக நினைத்து தட்டைக் கொதிதண்ணியில் போட்டிருக்கிறார். தட்டு வளைந்து போச்சு.

எரிச்சலுக்குக் காரணம் என்ன? தட்டின் அடியில் படியும் அழுக்கில் கண்டிடா என்ற பங்கசு வளர்கிறது. ராத்திரியும் தட்டு வாயிலேயே இருந்தால் அது பெருகும்.

கராம்பு, கறுவாப்பட்டை, வேப்பிலை ஆகியவற்றின் சத்து இந்தப் பங்கசை அடக்குவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். நம்ம பெரியவங்க வேப்பங்குச்சியால் பல் விளக்கியது சும்மா இல்லை. ஆனாலும் ஊறப் போட்டால் மட்டும் போதாது. சட்டியில் ஒட்டிய சோறு தண்ணி ஊற்றினால் போகுமா? தேய்க்கத்தானே வேண்டும்!

செய்ய வேண்டியது இதுதான்:

1. படுக்கப் போகுமுன் பல்லைக் கழட்டுங்கள். பேசினில் தண்ணி வைத்து அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்கள். கை தவறினாலும் உடையாது.

2. மெதுவான பிரஷ்ஷில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பற்பசை வேண்டாம், தட்டில் கீறல் விழும். கீறலில் பங்கசு குடியேறும்.

3. வேப்பிலையை அவித்து, வடித்து, நன்றாக ஆறிய பிறகு அதில் தட்டை ஊறப் போடலாம். அன்றன்று புதிதாக அவிக்க வேண்டும். நம்ம குளிருக்கு வேம்பு சரியாக வராது. இலை கிடைக்காவிட்டால் பச்சைத் தண்ணியே போதும். காலையில் அலசிப் போடுங்கள்.

4. கராம்பு எண்ணெயை அப்படியே பூச வேண்டாம். முரசு வெந்துவிடும். மஞ்சளும் வேண்டாம், கறை பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை கண்டால், "தட்டு உரசின புண்தானே" என்று இருந்துவிடாதீர்கள். வாய்ப்புற்றுநோயும் இப்படி ஆரம்பிக்கலாம். உடனே டிஸ்பென்சரியில் சொல்லி, பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தப் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மருந்து பூசி அண்ணம் ஆறிவிட்டது. புதுத் தட்டுக்குத்தான் இன்னும் காத்திருக்கிறார். நீங்களும் அப்படிக் காத்திருக்க வேண்டாம்.