வஸ்வாஸும் ஓயாத கேள்வியும்





சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் கற்ற ஓர் இளைஞர், இஷாத் தொழுகையின் பின் என்னைத் தனியே சந்தித்தார். அவரது அனுமதியுடனேயே இதைக் கூறுகின்றேன். தொழுகையில் நிற்கும்போது அல்லாஹ்வைப் பற்றி நாவால் சொல்லவியலாத வார்த்தைகள் உள்ளத்தில் எழுவதாகக் கூறி அழுதார். "ஹஸரத், என் ஈமான் போய்விட்டதா?" என்று கேட்டார்.

ஸஹாபாக்கள் சிலரும் இத்தகைய முறைப்பாட்டுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். அது தெளிவான ஈமான் என நபியவர்கள் உணர்த்தியமை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவ்வெண்ணத்தை வாயால் சொல்லவும் அஞ்சுகின்ற அந்த வெறுப்பே ஈமானின் அடையாளம் என்பது உலமாக்களின் விளக்கம். இதனை அவருக்கு எடுத்துரைத்தேன். ஆறுதலுடன் சென்றார்.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் அதே கேள்வியுடன் வந்தார். பின்னர் தொலைபேசியில், ஒரே நாளில் ஒன்பது தடவைகள்கூடக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதிலளித்தேன். அதை நன்மையென்றே எண்ணினேன். வீட்டிலோ அவரது உம்மா குழாயடியில் நின்று, "வுழூ சரி மகன், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். உண்மையில் நாமிருவரும் நோய்க்கு உணவூட்டிக்கொண்டிருந்தோம்.

வைத்தியர்கள் இதனை ஓ.ஸீ.டி. என்பர். விரும்பாத எண்ணங்கள் எல்லோர் உள்ளத்திலும் தோன்றி மறைபவைதாம். இந்நோயாளியோ அவற்றைத் தன் குற்றமெனக் கருதி நடுங்குகிறார். கழுவினால், திரும்பத் தொழுதால், ஒருவரிடம் கேட்டால் பயம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவையே மூளை பழகிக்கொள்வதால், அடுத்த சந்தேகம் இன்னும் வலுவாக வருகிறது. ஆறுதல் கேட்பதும் கழுவுவதைப் போன்ற ஒரு கட்டாயச் செயலே.

நமது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமி, 16ஆம் நூற்றாண்டிலேயே வஸ்வாஸுக்கு மருந்து அதனை முற்றாகப் புறக்கணிப்பது என்று தீர்ப்பளித்துள்ளார். இன்றைய உளச்சிகிச்சையும் இதற்கு நெருங்கியதே: அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, கட்டாயச் செயலைச் செய்யாதிருக்கப் பயிற்றுகிறது. மாத்திரைகளும் உண்டு, அவை பலன்தரப் பல வாரங்கள் எடுக்கும்.

பெற்றோரே, திடீரென வாயடைத்து விடாதீர்கள், ஏசவும் வேண்டாம். பிள்ளை அமைதியாக இருக்கும் வேளையில் முன்கூட்டியே பேசி உடன்பட்டுக்கொள்ளுங்கள். கேள்வி எழும்போது, "இது நோய் கேட்கும் கேள்வி மகள், பதில் சொல்லமாட்டேன், ஆனால் உன்னருகில் இருக்கின்றேன்" எனலாம். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. அதனோடு நின்றுவிடுவதையே கண்டிக்கின்றேன். அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

அவ்விளைஞரும் வைத்தியரிடம் சென்றார். அவரது ஆலோசனைப்படி, அக்கேள்விக்கு இனிப் பதிலில்லை என எமக்குள் உடன்பட்டோம். முதல் வாரத்தில் அவர் தொலைபேசியில் அழுதபோது மௌனமாக இருப்பது எனக்கும் இலகுவாக இருக்கவில்லை. கடந்த ரமழானில் தராவீஹ் முடிந்து ஸலாம் கூறியவர், தமது தொழிலைப் பற்றி நெடுநேரம் பேசினார். அந்த எண்ணங்கள் இன்னும் வருகின்றனவா என்று நான் கேட்கவில்லை; அவரும் எதுவும் கேட்கவில்லை.