செஞ்சிக் கல்லும் கறுப்பு மையும்

பேனாவால் படம் வரைவதையும், வரைகிறபோதே அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து இணையத்தில் போடுவதையும் பற்றி இன்று பேசப்போகிறேன். கண்ணுக்கான கலையைக் காதுக்குச் சொல்வது கடினம்தான். அதனால் செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையின் அடிவாரத்தில், உங்களை உட்காரவைத்தே பேசுகிறேன்.

எதிரே கல்யாண மகால். அடுக்கடுக்காக எழும்பி உச்சியில் கூம்பாக முடிகிற கட்டடம். அதற்குப் பின்னால் மலை முழுக்க உருண்டைப் பாறைகள். பேனாவுக்கு இங்கே இரண்டு விதமான வேலை இருக்கிறது. பாறையின் வயிறு எப்படித் திரும்புகிறதோ அப்படியே கோடும் வளைந்து போக வேண்டும். மதிலுக்கு வந்தால் கல்வரிசையை ஒட்டிப் படுத்துப் போக வேண்டும். செஞ்சியில் மதில் பாறைமேலேயே ஏறிப் போகிறது. வளைந்த கோடும் படுத்த கோடும் சந்திக்கிற அந்த இடத்தில்தான் வரைபவரின் கை எப்படிப்பட்டது என்று தெரியும்.

மையில் வெள்ளை கிடையாது. வெயில் விழுந்த இடம் என்பது பேனா தொடாமல் விட்ட தாள்தான். பென்சில் கோட்டை அழித்துக்கொள்ளலாம். வண்ணத்தின்மேல் வண்ணம் பூசிக்கொள்ளலாம். பேனாவில் கறுப்பு போட்டால் போட்டதுதான். கல்யாண மகாலின் கீழடுக்கு வளைவுகளுக்குள் முழுக் கறுப்பை நிரப்பலாமா, மேலே போகப்போகக் குறுக்குக் கோடுகளின் நெருக்கத்தை எவ்வளவு குறைப்பது, தொலைவில் நிற்கும் கிருஷ்ணகிரி மலைக்கு மெல்லிய விளிம்புக் கோடு மட்டும் போதுமா என்பதையெல்லாம் கை இறங்குவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். எல்லா இருட்டையும் ஒரே அளவு கறுப்பாக்கிவிட்டால் கட்டடம் தட்டையாகிப் போகும். புதிதாக வரைபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முடிந்த படத்தைப் பார்த்தால் என்ன தீர்மானித்தார்கள் என்பது தெரியும். எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசை தெரியாது. நாமக்கல்லில் 1919-இல் பிறந்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தவர். ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ படங்களை இன்று பார்த்தாலும் கல்லின் குளிர்ச்சி கைக்கு எட்டுகிறது. சிலையின் நகையில் தொடங்கினாரா, முகத்தில் தொடங்கினாரா? நிழலை முதலில் போட்டாரா, கடைசியிலா? 1983-இல் அவர் மறைந்தார். படங்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் கை நகர்ந்த விதம் படங்களில் இல்லை. இந்த இழப்பை நினைக்கும்போதுதான் இன்றைய காணொளிகளின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிகிறது. ஆயிரம் ரூபாய் ஸ்டாண்டில் கைப்பேசியை மாட்டித் தாளுக்கு மேலே நிறுத்தினால், ஓர் ஓவியரின் கைப்பழக்கத்தை இன்னொரு தலைமுறைக்காகச் சேமித்துவிடலாம்.

ஆனால் சேமிப்பது எதை? இரண்டு மணி நேரம் வரைந்த படத்தை ஒரு நிமிட ரீலாகச் சுருக்கினால் வேகம் 120 மடங்காகிறது. அந்த ஓட்டத்தில் முதலில் காணாமல் போவது தயக்கம். பேனா தாளுக்கு மேலே இறங்காமல் நிற்கும் நொடிகளில்தான் வரைபவர் யோசிக்கிறார். கற்றுக்கொள்ள வந்தவருக்கு வேண்டியதும் அதுதான். வேகமாக ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு உட்காரும் பையனுக்கு, தன் கை மெதுவாக நகர்வதே குறையாகத் தோன்றிவிடுகிறது. பின்னணியில் போடுகிற சினிமாப் பாட்டு, நிப்பு தாளை உரசும் ஓசையையும் விழுங்கிவிடுகிறது. எவ்வளவு அழுத்தினார், எங்கே கையை லேசாக்கினார் என்று அந்த ஓசையே சொல்லிவிடும். வானொலியில் பேசுகிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வரைவதைப் படம்பிடித்துக் காட்டுவதற்கு 1956-இலேயே ஒரு முன்னோடி உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஆன்றி ஜார்ஜ் க்ளூசோ, பிக்காசோ வரைவதை ஒரு முழுநீளப் படமாக எடுத்தார். தாளின் மறுபக்கம் மை ஊறி வரும்படி ஏற்பாடு செய்து, கேமராவை அந்தப் பக்கம் வைத்தார். கை மறைக்காமல் கோடு மட்டும் திரையில் பிறந்து வளர்ந்தது. ஒரு படம் இன்னொன்றாக மாறுவதை, நன்றாக இருந்த ஒன்றைப் பிக்காசோ கலைத்துவிட்டுப் போவதையும்கூட, நாம் பார்க்கிறோம். மேதையே வழி மாறிப் போவதைக் காட்டத் துணிந்தார்கள் என்பதால் அந்தப் படம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் காலத்தில் கொரியாவின் ஓவியர் கிம் ஜுங் கி, பென்சில் கோடே போடாமல் சுவரளவு பெரிய தாள்களை நிரப்பிக் காட்டினார். 2022-இல் அவர் இறந்தபோது உலகெங்கும் ஓவியர்கள் கலங்கினார்கள். அபூர்வமான திறமை அது. அவரைப் பார்த்துவிட்டு, பென்சில் போடுவது கௌரவக் குறைவு என்று நம் பிள்ளைகள் தங்கள் காணொளியில் பென்சில் பகுதியை வெட்டிவிடக் கூடாது. ராஜகிரியின் உயரத்துக்கும் மகாலின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பென்சிலில் எப்படிப் பிடித்தீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

2025 ஜூலையில், மராட்டியர் ராணுவ நிலவமைப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுக்கிறார்கள். பேனாவோடு உட்காருகிறவர் இந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால், காலை வெயிலில் எந்தப் பாறை எந்தப் பக்கம் நிழல் விடும் என்பது அவருக்குப் பழகிய விஷயம். அந்த அறிவைத் தமிழில் பேசிக்கொண்டே வரையட்டும். என்ன பேனா, என்ன தாள், எத்தனை மணி நேரம் என்று சொல்லட்டும். முழுப் படமும் வேண்டாம். ஒரே ஒரு பாறை, பத்து நிமிடம், வேகம் கூட்டாமல் போதும். ஸ்டாண்டு வைப்பதாக இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

வரையத் தகுந்த ஒன்றையும் சொல்கிறேன். அடிவாரத்து வெங்கடரமணர் கோயில் தூண்களை வரைகிறவர்கள், ஒரு விடுமுறை நாளில் புதுச்சேரி கடற்கரைக்கும் போய் வாருங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. இரண்டு இடத்துத் தூண்களையும் ஒரே பேனாவால் வரைந்து, ஒரே காணொளியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.