மருந்து வந்து சேரும் வழி
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



போதகர் பேச எழுந்தால் வார்டைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று மருந்துக் கிடங்கைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் இளம் போதகராக வேறொரு மருத்துவமனையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். ஒரு மழைக்கால மாலையில் ஒன்பது வயதுச் சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயல் வரப்பில் கண்ணாடிவிரியன் கடித்திருந்தது. விஷமுறிவு ஊசி மருந்து 20 குப்பிகள் இருப்பதாக ஏடு காட்டியது. அலமாரியைத் திறந்தபோது 6 குப்பிகளே இருந்தன. மீதி 14 குப்பிகளை முந்திய மாதம் அவசரத்துக்குப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கான துண்டுச்சீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது, ஏட்டில் ஏறவில்லை. ஜீப் மாவட்டத் தலைநகருக்குப் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் ஆயிற்று. சிறுநீரகம் செயலிழந்து, நான்காம் நாள் அந்தப் பிள்ளை இறந்துபோனாள்.

அவளுடைய தகப்பனார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மருந்து இருக்குதுன்னுதானே ஐயா சொன்னாங்க?"

செமினரியில் படித்த எதுவும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. ஒருவரும் திருடவில்லை, ஒருவரும் சோம்பலாயிருக்கவில்லை. அன்பினால் கொடுத்தார்கள், எழுதிவைக்கவில்லை. அதன்பின்தான் கிடங்குப் பொறுப்பாளர்களிடம் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கற்றதில் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, மருந்து எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வேண்டும். அந்தச் சிறு குப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு வேறு மாநிலங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் சுத்திகரித்து மருந்தாக்குகிறார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்று நமக்கு வேண்டும் என்றால் இன்றே செய்துவிட முடியாது.

இரண்டாவது, எப்போது ஆர்டர் கொடுப்பது? "தீர்ந்துவிட்டது, வாங்குங்கள்" என்று சொல்லும்போது காலம் கடந்துவிட்டது. கணக்கு எளியதுதான். மாதம் 60 குப்பிகள் செலவாவதாக வைத்துக்கொள்ளுவோம். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர இரண்டு மாதம் ஆகிறது, அதற்கு 120. எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மாதக் கையிருப்பு, 60. ஆக, இருப்பு 180-க்கு இறங்கிய அன்றே ஆர்டர் போக வேண்டும். மழைக்காலத்தில் செலவு மாதம் 90 ஆகுமானால் அந்த எல்லை 270 ஆகும். பாம்புக்கடிக்குத் தொடக்கத்திலேயே 10 குப்பிகள் வரை தேவைப்படும். சிறுபிள்ளைக்கும் பெரியவர் அளவுதான். ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

எல்லா மருந்துக்கும் இத்தனை காவல் தேவையில்லை. இல்லாவிட்டால் உயிர் போகும் மருந்து, அவசியமான மருந்து, இருந்தால் நல்லது என்கிற மருந்து என மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை ஒருநாளும் தீரக்கூடாது.

மூன்றாவது, வாங்கும் முறை. என்ன வேண்டும் என்பதை மருந்தின் பொதுப்பெயர், அளவு, தரம் எல்லாம் எழுதி, குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். கேட்பவர் ஒருவர், ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், சரக்கை எண்ணி வாங்குபவர் வேறொருவராக இருக்க வேண்டும். இது ஆளைச் சந்தேகிப்பதல்ல, ஆளுக்குப் பாதுகாப்பு.

இதில் நம் மாநிலமே ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்திருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தியது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலின்படி மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். உற்பத்தியாளர் பெயரை மறைத்து மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறினபின்பே மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் இருப்பதுபோல ஒரு பாஸ்புக் வைத்து, தன் தொகைக்குள் வேண்டியதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின.

நான்காவது, வைத்துக் காப்பது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்க வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துபோனால், உருகிப் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் பயன்படுத்தக்கூடாது. ஆகவேதான் குளிர்ப்பெட்டிக்கு வெப்பமானி வாங்கவும் பணம் கேட்கிறோம். அலமாரியில் உள்ளதை நேரில் எண்ணி ஏட்டோடு ஒப்பிடுவதும் தவறக்கூடாது.

இப்போது உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். சிலர் அன்போடு மருந்துப் பெட்டிகளை அனுப்புகிறார்கள். போரால் பாதிக்கப்பட்ட போஸ்னியாவுக்கு 1992 முதல் 1996 வரை உலகமெங்கும் இருந்து மருந்துகள் குவிந்தன. அவற்றில் ஏறக்குறைய 17,000 டன் பயன்படாதவை என்று பின்னர் கணக்கிட்டார்கள். அவற்றை அழிக்கவே பெருஞ்செலவு ஆகும் நிலை. 1996-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மருந்து நன்கொடை நெறிமுறைகள் சொல்வது இதுதான்: பெறுகிறவர் கேட்டதையே கொடுங்கள், வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்கட்டும். ஆகவே அனுப்புமுன் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பல வேளைகளில், பணமாகக் கொடுத்தால் அதே தொகைக்குத் தேவையான மருந்தையே வாங்க முடியும்.

கிடங்கு உதவியாளரின் சம்பளம், வெப்பமானி, இருப்பு ஏடு என்று கணக்கறிக்கையில் வரும் வரிகளைப் பார்த்து, "இதற்கா நாம் கொடுத்தோம்?" என்று சோர்ந்துபோகாதிருங்கள். அந்தத் தகப்பனாருடைய கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று ஏடு சொன்னால், கை நீட்டும்போது அது இருக்க வேண்டும். அதற்காகத்தான் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு செலவாகிறது.