தேடாது விடுவதே தேடற்கலை

 

கணிப்பொறித் திரையில் ஒளியும் நிழலும் மெய்யேபோல் தோன்றச் செய்யும் முறையொன்றைப் பற்றிச் சில சொல்ல எழுந்தேன். திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரைச் செலுத்தி, அஃது எப்பொருள்மேல் முதலிற் படுகின்றது என்று காண்பதே அம்முறை. பொருள்களோ சிறுசிறு முக்கோணங்களால் ஆனவை.

அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரைக்குக் கதிர்கள் 20 இலக்கத்திற்கு மேல். முக்கோணங்கள் 10 இலக்கம் எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால், ஒரு படத்திற்கே 2 இலக்கம் கோடி ஒப்பீடுகள்! நொடிக்கு 60 படம் வேண்டுமெனில் என் செய்வது?

அஞ்சற்காரர் ஒரு மடலுக்காக நாட்டிலுள்ள கதவையெல்லாம் தட்டுவாரா? மாவட்டம், ஊர், தெரு என்றன்றோ செல்வார்! 1980-இல் உரூபின், விட்டெடு என்னும் அறிஞர் இருவர் இவ்வழியையே காட்டினர். அருகருகே உள்ள பொருள்களை ஒரு பெட்டியுள் அடக்கினர். அப்பெட்டிகளைப் பெரும்பெட்டிகளுள் அடக்கினர். கதிர் பெரும்பெட்டியைத் தொடவில்லையா? உள்ளிருக்கும் அனைத்தையும் ஒருங்கே ஒதுக்கிவிடலாம். இரண்டிரண்டாகப் பிரித்துச் சென்றால், 10 இலக்கம் முக்கோணங்களுக்கும் அப்பெட்டிமரத்தின் ஆழம் ஏறத்தாழ 20 படிகளே.

ஆயினும், எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரித்தல் தகாது. பெட்டியின் மேற்பரப்பு பெருகப் பெருக, அதனைக் கதிர் தொடும் வாய்ப்பும் பெருகும். ஆகவே பரப்பையும் கணக்கிட்டுப் பிரிக்க வேண்டும். பொருள் அசைந்தால், மரத்தை வெட்டாமல் பெட்டிகளின் அளவை மட்டும் திருத்தலாம். பொருள்கள் நெடுந்தொலைவு சிதறினாலோ, பெட்டிகள் பருத்து ஒன்றோடொன்று மோதும். அப்போது புதிதாய்க் கட்டுவதே நலம்.

இனி, வரைவியற் செயலிக்கு வருவோம். என்விடியாவின் செயலியில் 32 கணக்குகள் ஓரணியாய் அடியெடுத்து நடக்கும். நடவு வரிசையைப் போன்றது அது. சில கதிர்கள் இடக்கிளையிலும் சில வலக்கிளையிலும் புகுந்தால், ஒரு சாரார் உழைக்க மறுசாரார் வாளா நிற்பர். 2009-இல் ஐலாவும் இலைனேயும் ஆராய்ந்தனர். சுணக்கத்திற்கு நினைவகமே தடை எனப் பலர் எண்ணியிருக்க, வேலையைப் பங்கிட்ட முறையே பெருங்குறை என்று கண்டனர். வேலை முடிந்த அணிகள் தாமே அடுத்த கதிர்களை எடுத்துக்கொள்ளச் செய்தனர், விரைவு கூடிற்று. 2018-இல் பெட்டியையும் முக்கோணத்தையும் ஒப்பிடுவதற்கெனவே தனி உறுப்புகள் செயலியுள் பொறிக்கப்பெற்றன.

ஆனால் தோழர்களே, தாறுமாறாய்க் கட்டிய மரத்தை அவ்வுறுப்பும் தாறுமாறாகவே சுற்றும். கருவியின் ஆற்றல் ஒரு பாதி. எதனைப் பாராது விடுவது என்றறிந்து அடுக்கும் அறிவே மறுபாதி. இளைஞர்கள் அவ்வறிவைக் கைக்கொள்ளுங்கள் என வேண்டி அமைகின்றேன்.